பதினைந்துக்கு எத்தனை நொடி?

எண்ணத் தெரியாதவள் என்று என்னை யாரும் சொன்னதில்லை. ஆபரேஷன் தியேட்டரில் பஞ்சு எண்ணுவேன், ஊசி எண்ணுவேன், கத்தரி எண்ணுவேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் வாய் திறந்து சொன்ன பிறகுதான் வயிற்றைத் தைத்து மூடுவார்கள். இருபது வருஷத்தில் ஒரு பஞ்சு குறைந்ததில்லை. ஆனால் ஒன்று முதல் பதினைந்து வரை எண்ணுவதை மட்டும் பதினொரு வருஷமாகத் தப்பாகச் செய்துகொண்டிருந்தேன். தெரிந்தேதான் செய்தேன்.

என் பெயர் எப்சிபா. தெற்கே ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் தியேட்டர் நர்ஸ். இந்த 2044இல் எனக்கு நாற்பத்திரண்டு வயது. சும்மா உட்காரத் தெரியாத ஜென்மம் என்று வீட்டில் பேர். கை எதையாவது மடித்துக்கொண்டே இருக்கும். துணி கிடைக்காவிட்டால் பிஸ்கட் கவரையாவது மடிக்கும். அப்படிப்பட்டவள் நிதானமாக எண்ணியதால் மாட்டிக்கொண்ட கதை இது.

முதலில் ஸ்டேப்ளரைப் பற்றி நாலு வார்த்தை. குடலில் கட்டி வந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை இணைக்க வேண்டும். முன்பு ஊசி நூல், இப்போது பேட்டரி ஸ்டேப்ளர். துப்பாக்கி மாதிரிக் கைப்பிடி, முன்னால் முதலை வாய் மாதிரி இரண்டு தாடைகள். குடலை நடுவில் வைத்து மூடிப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடும். இரண்டு பக்கமும் மும்மூன்று வரிசையாகப் பொடிப் பொடிப் பின்கள் இறங்கும், நடுவில் கத்தி ஓடும். வெட்டுவதும் இணைப்பதும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். ஆனால் தாடையை மூடியதும் பொத்தானை அழுத்தக் கூடாது. சதையில் நீர் இருக்கும். நசுங்கி அது விலக நேரம் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் பின்கள் சரியாக மடங்காது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ இணைப்பு கசியும், குடலில் இருப்பது வயிற்றுக்குள் இறங்கும், காய்ச்சல் வரும். அதற்கு மேல் ஆள் பிழைப்பது கஷ்டம். அந்தக் காத்திருக்கும் நேரத்தை எங்கள் தியேட்டரில் நர்ஸ் சத்தமாக எண்ண வேண்டும். பதினைந்து வரை எண்ணியதும் சர்ஜன் அழுத்துவார்.

எங்கள் தலைமை சர்ஜன் டாக்டர் தாணுலிங்கம். நாங்கள் சீஃப் என்போம். கை வேகம், வாய் அதைவிட வேகம். பதினொரு வருஷத்துக்கு முன்னால் செல்லக்கனி என்று ஒரு பெண் வந்தாள். முப்பத்தாறு வயது, தீப்பெட்டி ஆபீஸில் வேலை. குடல் அடைத்து மேல்பகுதி வீங்கித் தடித்துப் போயிருந்தது. நான் பதினைந்து எண்ணி முடித்தபோதும் தாடையின் ஓரத்தில் நீர் துளிர்த்துக்கொண்டே இருந்தது.

"சார், கொஞ்சம் பொறுக்கலாமா?" என்றேன்.

"எண்ணுறது உன் வேலை. பாக்குறது என் வேலை," என்று சொல்லி அழுத்தினார்.

ஆறாம் நாள் கசிந்தது. ஒன்பதாம் நாள் அவள் புருஷன் கட்டிலுக்கு அடியில் கிடந்த அவளுடைய செருப்பை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு அவள் உடலோடு ஆம்புலன்ஸில் ஏறினான். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. சீஃப் மேல் பாதி, இன்னும் உரக்கச் சொல்லாத என் மேல் பாதி.

அதற்கப்புறம்தான் தப்பாக எண்ண ஆரம்பித்தேன். நர்ஸ் கருத்துச் சொல்லக் கூடாது, எண்ணலாம் அல்லவா? பத்து வரை யோக்கியமாக எண்ணுவேன். பத்துக்கு மேல் குடலைப் பார்ப்பேன். மெல்லியதாக இருந்தால் மளமளவென்று பதினைந்துக்குப் போய்விடுவேன். தடித்திருந்தால் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் மூன்று நொடி, பதினாலில் ஒரு ஐந்தாறு நொடி. நீர் துளிர்ப்பது நின்ற பிறகுதான் 'பதினஞ்சு' என்பேன். சுவர்க் கடிகாரம் சீஃபின் முதுகுக்குப் பின்னால். என் முகத்துக்கு நேராக. ரெஜிஸ்டரில் 'காத்திருந்த நேரம்' என்ற கட்டத்தில் எப்போதும் பதினைந்து நொடி என்றே எழுதினேன். சீஃப் கையெழுத்துப் போடுவார்.

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் சந்தேகம் வந்தது. தியேட்டர் அட்டெண்டர் முப்பிடாதி அண்ணன். முப்பது வருஷமாக நோயாளிகளை ஸ்ட்ரெச்சரில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு வந்து, வாசல் ஓரத்தில் கை கட்டி நிற்பவர். ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டார்: "ஏன் சிஸ்டரு, பத்துக்கு மேல போனா ஒங்களுக்குக் கணக்கு மறந்துருதோ?"

"சும்மா இருங்கண்ணே."

"நான் ஒண்ணும் சொல்லலையே. நல்லாத்தான் எண்ணுதிய," என்று சிரித்துவிட்டு டம்ளரைக் கழுவப் போனார்.

வருஷங்கள் ஓடின. மாநிலத்திலேயே இணைப்பு மிகக் குறைவாகக் கசியும் தியேட்டர் என்று எங்களுக்குப் பேர் வந்தது. 'தாணுலிங்கம் கை' என்று பேப்பரில் போட்டார்கள். ஒரு கம்பெனி வந்து எங்கள் தியேட்டரில் கேமராவும் மைக்கும் வைத்து ஐந்து வருஷம் பதிவு செய்தது. அதையெல்லாம் ஒரு மெஷினுக்குப் படிக்கக் கொடுத்து, தானே யோசிக்கிற ஸ்டேப்ளர் ஒன்றைச் செய்தது. சாம்பல் நிறக் கைப்பிடி. குடலைக் கவ்வியதும் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று அதுவே முடிவு செய்யும். நேரம் வந்ததும் பச்சை விளக்கு எரியும், சர்ஜன் அழுத்த வேண்டியதுதான்.

பழைய பேட்டரி ஸ்டேப்ளருக்கு நீலக் கைப்பிடி. அது யோசிக்காது; அழுத்தினால் ஓடும். நீலம் நல்லதா, சாம்பல் நல்லதா என்று ஒப்பிட ஐந்து மருத்துவமனைகளில் ஒரு வருஷச் சோதனை நடத்தினார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒட்டிய உறை ஒன்று உண்டு. பிரித்தால் நீலம் அல்லது சாம்பல் என்று இருக்கும். எதுவானாலும் நர்ஸ் வழக்கம்போல எண்ண வேண்டும் என்று விதி. சாம்பல் நல்லது என்று முடிவானால் தமிழ்நாடு முழுக்க அதுதான்.

சோதனை முடிய ஒரு வாரம் இருக்கும்போது கம்பெனி என்ஜினியர் நஸ்ரீன் வந்தாள். வாணியம்பாடிக்காரி, என் வயதுதான் இருக்கும். மத்தியானம் ஸ்டோர் ரூமில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது டேப்லெட்டோடு வந்து எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"சிஸ்டர், எனக்கு ஒரு விஷயம் புரியல. நீங்கதான் சொல்லணும்."

"சொல்லுங்க மேடம்."

"இங்க நூத்திருபது பேருக்குப் பண்ணியிருக்கீங்க. நீலத்துல ரெண்டு பேருக்குக் கசிஞ்சிருக்கு, சாம்பல்ல ஒருத்தருக்கு. ரெண்டுமே பிரமாதம்."

"அப்போ சந்தோஷப்பட வேண்டியதுதானே?"

"மத்த நாலு ஊர்லயும் சேர்த்து நானூத்தி எண்பது பேர். நீலத்துல பத்தொம்பது, சாம்பல்ல இருபத்தொண்ணு. ரெண்டுமே மோசம். மெஷினுக்கு மெஷின் வித்தியாசமே இல்ல சிஸ்டர். ஊருக்கு ஊருதான் வித்தியாசம்."

என் கை துணியின் பாதி மடிப்பில் நின்றுவிட்டது. நஸ்ரீன் அதைக் கவனித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

"சாம்பல் மத்த ஊர்ல எப்பவும் பதினஞ்சு நொடிதான் காத்திருக்கு. இங்க மட்டும் பதினாலுல இருந்து முப்பத்தெட்டு வரைக்கும் போகுது. தடிச்ச குடல்னா அதிகம், மெல்லிசா இருந்தா கம்மி. இங்க மட்டும் புத்தியா நடந்துக்குது. ஏன்னு பழைய பதிவையெல்லாம் போட்டுக் கேட்டேன்."

டேப்லெட்டைத் தட்டினாள். என் குரல் வந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு. திரையின் ஓரத்தில் நொடி ஓடிக்கொண்டிருந்தது. நான் 'பதினஞ்சு' என்றபோது அது முப்பத்திரண்டில் இருந்தது.

"மெஷின் குடலைப் பாக்கவே இல்ல சிஸ்டர். அதுக்குப் படிக்கக் கொடுத்ததுல படம் இருந்துச்சு, அழுத்தக் கணக்கு இருந்துச்சு, சத்தமும் இருந்துச்சு. இருக்கறதுலயே சுலபமான வழி உங்க குரல்தான். பரீட்சையில பக்கத்துப் பிள்ளையப் பாத்து எழுதற மாதிரி உங்களக் காப்பி அடிச்சிருக்கு. எண்ணி முடிச்சுக் குரல் நின்னா பச்சை விளக்கு. அவ்வளவுதான் அது கத்துக்கிட்டது. மத்த ஊர் சிஸ்டருங்க கடிகாரத்தைப் பாத்து ஒழுங்கா எண்ணுறாங்க. அதனால அங்க அதுவும் ஒழுங்கா பதினஞ்சுல நிக்குது."

பயந்துபோயிருந்தாலும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன். கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்த மூளை கடைசியில் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது! சிரிப்பு வந்தது. நஸ்ரீன் சிரிக்கவில்லை.

"இன்னொண்ணு இருக்கு. மூணு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் அந்த நாலு ஊர்லயும் இருபத்தஞ்சு எண்ணிட்டு இருந்தாங்க. உங்க ரெஜிஸ்டரைப் பாத்துதான் குறைச்சாங்க. ரொம்பக் கம்மியாக் கசியற தியேட்டர்லயே பதினஞ்சுதான் எண்ணுறாங்க, அப்போ பதினஞ்சு போதும்னு எல்லா இடத்துக்கும் சுற்றறிக்கை போச்சு."

கையில் இருந்த துணியைக் கீழே வைத்தேன். "அந்த நாப்பது பேர்ல எத்தனை பேரு..." என்று கேட்டேன்.

"எட்டுப் பேர் உயிரோட இல்ல. சோதனைக்கு முன்னாடி உள்ள கணக்கு எங்ககிட்ட கிடையாது."

எனக்குத் தெரிந்தது ஒரு செல்லக்கனிதான். இந்த எட்டுப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. எந்த ஊர், யார் வீட்டு ஆள், கட்டிலுக்கு அடியில் என்ன கிடந்தது, ஒன்றும் தெரியாது. இங்கே காப்பாற்ற எண்ணியதை அங்கே கொல்லும்படி எழுதியிருக்கிறேன்.

"நீங்களே மேல சொல்லிருங்க மேடம்," என்றேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

"பதிவு கம்பெனியோடது. வெளிய காட்ட எனக்கு அனுமதி இல்ல. கம்பெனிக்கு இது தெரிஞ்சதும் என்ன சொன்னாங்க தெரியுமா? நாளைல இருந்து மைக்கை அணைச்சிடு, குடலை மட்டும் பாத்து வேலை செய்யட்டும்னு. லேப்ல அணைச்சுப் பாத்தாச்சாம், நல்லா இருக்காம். லேப்ல வர்றது எல்லாம் ஆரோக்கியமான பன்னிக் குடல், அது எப்படிப் பண்ணாலும் ஒட்டிக்கும். ஆனா இனி பச்சை விளக்கை மட்டும் பாத்து அழுத்தணுமாம், அதனால நாளைக்கு நீங்க எண்ணக் கூடாது சிஸ்டர். தியேட்டர்ல சத்தமே இருக்கக் கூடாதுன்னு சோதனைக் கமிட்டியில விதியே எழுதி வாங்கிட்டாங்க."

"நாளைக்கு மொத கேஸ் யாருன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"பாத்தேன். முப்பிடாதி, அம்பத்தஞ்சு வயசு. உறையப் பிரிச்சாச்சு. சாம்பல்."

"அவர் எங்க தியேட்டர் ஆளு மேடம்."

நஸ்ரீன் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க வாயைத் திறந்தா ரெஜிஸ்டரை எழுதுன ஆளே சொன்னதா ஆகும். நான் திறந்தா என்கிட்ட ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? பதினொரு வருஷப் பொய்க் கணக்கு. விசாரணை வரும், சஸ்பெண்ட் செய்வார்கள், நர்ஸ் என்ற பேரையே எடுத்துவிடுவார்கள். சீஃபின் பேர், விருது எல்லாம் சந்திக்கு வரும். திறக்காவிட்டால் முப்பிடாதி அண்ணன். அன்று மாலை வரை வராண்டாவில் நடந்துகொண்டே இருந்தேன். செருப்பு வார் அறுந்ததுதான் மிச்சம்.

பார்வையாளர் நேரத்தில் வார்டுக்குப் போனேன். அண்ணன் வயிறு முட்டிப் படுத்திருந்தார். பத்து நாளாகக் குடல் பாதி அடைத்து வலித்தும் லீவு போடாமல் ஸ்ட்ரெச்சர் தள்ளிய மனுஷன். அந்தக் குடல் எப்படித் தடித்திருக்கும் என்று ஸ்கேன் பார்க்காமலே எனக்குத் தெரியும்.

"முப்பது வருசமா எல்லாரையும் தள்ளிக்கிட்டுப் போனேன். நாளைக்கு என்னைய எவன் தள்ளப் போறானோ. வளைவுல இடிச்சிராம இருக்கணும்," என்றார்.

"நானே பின்னால வாரேண்ணே."

"வாங்க. ஆனா ஒண்ணு சிஸ்டரு." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு எண்ணும்போது பத்துக்கு மேல நல்லா மறந்துருங்க. அவசரமே இல்ல எனக்கு."

அவர் போர்வையை நாலாக மடித்துக் காலடியில் வைத்துவிட்டு, அதைத் திரும்பவும் பிரித்து மடித்தேன். நாளைக்கு எண்ணவே போவதில்லை என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் காலை, தியேட்டருக்கு வெளியே தொட்டியில் கை கழுவும்போது சீஃப் பக்கத்தில் நின்றேன்.

"சார், ஒரு விஷயம் சொல்லணும். நான் எண்ணுறதைப் பத்தி."

"இன்னிக்கி நீ எண்ண வேண்டாம்னு சொன்னாங்கல்லா?"

"அதைப் பத்திதான் சார். நான் இத்தனை வருஷமா..."

"முப்பிடாதி உள்ள படுத்துக் கெடக்கான். மொதல்ல அவனப் பாப்போம். பேச்சு பெறகு," என்று முழங்கையால் குழாயை மூடிவிட்டுப் போய்விட்டார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வயிற்றைத் திறந்தோம். நான் பயந்தபடிதான் இருந்தது. கட்டிக்கு மேலே குடல் வீங்கி, சிவந்து, ஈரத் துணி மாதிரிக் கனத்துக் கிடந்தது. கெட்ட பகுதியை எடுத்தாயிற்று. இணைக்க வேண்டிய நேரம். சாம்பல் ஸ்டேப்ளரைச் சீஃபின் கையில் வைத்தேன். மூலையில் நஸ்ரீன் டேப்லெட்டோடு நின்றாள். யாரும் பேசவில்லை. மயக்க மருந்து டாக்டரின் மானிட்டரில் அண்ணனின் இதயம் மட்டும் 'பீப், பீப்' என்று அடித்துக்கொண்டிருந்தது.

சீஃப் தாடைகளை மூடினார். கடிகாரத்தில் ஒரு நொடி போனது. இரண்டு. மூன்றாவது நொடியில் பச்சை விளக்கு எரிந்தது.

மூன்று நொடி! தாடையின் ஓரத்தில் நீர் கோத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருக்கிறது, அந்தக் கழுதை 'தயார்' என்கிறது. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. குரல் நின்றால் பச்சை என்றுதானே அது படித்திருந்தது? மைக்கை அணைத்தால் அதற்குக் குரலே இல்லை. குரல் இல்லையென்றால் எண்ணி முடித்தாயிற்று என்று எடுத்துக்கொண்டது. நஸ்ரீனின் முகமும் வெளுத்துப்போயிருந்தது. சீஃபின் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே வந்தது.

"ஒண்ணு," என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விதி மீறல். வருஷம் முழுக்க நடந்த சோதனை அந்த ஒரு வார்த்தையில் போயிற்று. போகட்டும்.

"ரெண்டு... மூணு... நாலு..."

கட்டைவிரல் அப்படியே நின்றது. பத்து வரை நேராகப் போனேன். பத்துக்கு மேல் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, குடலை மட்டுமே பார்த்தேன். பதினொன்று. துளி விழுந்தது. பன்னிரண்டு. இன்னொரு துளி. பதின்மூன்று. என் கால் கீழே தாளம் போட்டுக்கொண்டிருந்தது, குரலை மட்டும் பிடித்து வைத்திருந்தேன். பதினாலில் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். ஓரத்தில் கோத்திருந்த கடைசித் துளி இறங்கியது. அதற்கப்புறம் எதுவும் துளிர்க்கவில்லை.

"பதினஞ்சு."

அழுத்தினார். மோட்டார் ஓடி நின்றது. தாடையைத் திறந்து பார்த்தார். இரண்டு பக்கமும் பின்கள் வரிசை குலையாமல் உட்கார்ந்திருந்தன.

தலையைத் தூக்காமலே சீஃப் சொன்னார்: "முப்பத்தொண்ணு. இன்னிக்கி ஒனக்குக் கொஞ்சம் அவசரம்தான் போல. இந்தக் கொடலுக்கு நாப்பது எடுப்பேன்னு நெனச்சேன்."

நான் நீட்டிய கத்தரி அந்தரத்தில் நின்றது.

ஆபரேஷன் முடிந்து அவர் தொப்பியைக் கழற்றும்போது போய் நின்றேன். "ஒங்களுக்குத் தெரியுமா சார்?"

"கடிகாரந்தான் முதுகுக்குப் பின்னால இருக்கு. மானிட்டர் காதுல விழும்லா? ஒருத்தனுக்கு நிமிசத்துக்கு எத்தனை துடிப்புன்னு தெரிஞ்சா, நீ பதினஞ்சு சொல்ல எத்தனை நொடி ஆச்சுன்னு கணக்குப் போடத் தெரியாதா எனக்கு? மொத மாசமே தெரியும்."

"அப்போ ஏன் சார் ஒண்ணும் சொல்லல?"

"என்ன சொல்ல? அந்தப் பொண்ணு செத்த பெறகு, 'சிஸ்டர், நீ சொன்னதுதான் சரி'ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணுமா? நீ எண்ணுன, நான் காத்திருந்தேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"ஆச்சு சார். மத்த ஊர்ல எட்டுப் பேருக்கு ஆச்சு."

நஸ்ரீன் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார். பாவமாகத்தான் இருந்தது; ஆனால் அதைவிடக் கோபம்தான் அதிகம். செல்லக்கனியை அவரும் மறக்கவில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பதினொரு வருஷம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே பொய்யை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம். நான் திட்டு வாங்கப் பயந்து, அவர் தோற்கப் பயந்து.

எல்லாமே கம்ப்யூட்டர் திரைக்குப் போன பிறகும் எங்கள் தியேட்டரில் அந்த நீளமான காகித ரெஜிஸ்டர் இருக்கிறது. அரசாங்கம் என்றால் காகிதம் இல்லாமல் நடக்காது. அன்றைக்குக் 'காத்திருந்த நேரம்' கட்டத்தில் முப்பத்தொன்று என்று எழுதினேன். அதற்குக் கீழே, கட்டத்தையெல்லாம் பார்க்காமல் இப்படி எழுதினேன்: 'கடந்த பதினொரு வருஷமாக இந்தக் கட்டத்தில் எழுதிய பதினைந்து எதுவும் உண்மை இல்லை. குடலுக்குத் தகுந்தபடி எண்ணினேன். தலைமை சர்ஜனுக்கும் தெரியும். இதைப் பார்த்து யாரும் பதினைந்து எண்ண வேண்டாம். எப்சிபா, ஸ்டாஃப் நர்ஸ்.' தலைமை சர்ஜன் கையெழுத்து இருந்தால்தான் அந்தப் பக்கத்தைச் சோதனைக் கமிட்டி ஏற்கும்.

சீஃப் படித்தார். "முப்பிடாதி எந்திரிக்கட்டும். பெறகு பாப்போம்," என்று மூடி வைத்துவிட்டார்.

அந்த ஆறு நாளும் எனக்கு இருப்பு கொள்ளவில்லை. மணிக்கொரு தரம் வார்டுக்குப் போய் அண்ணனின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன், காய்ச்சல் பார்ப்பேன். "நான் என்ன கத்தரிக்காயா, அமுக்கி அமுக்கிப் பாக்குதிய?" என்று சலித்துக்கொண்டார். நாலாம் நாள் காலை நான் உள்ளே நுழையும்போதே பத்துக் கட்டிலுக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினார்: "சிஸ்டரு! காத்துப் போயிட்டு!" வார்டே சிரித்தது. குடல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது. நான் வெளியே போய்ப் பாத்ரூமில் நின்று அழுதேன்.

ஆறாம் நாள் காய்ச்சல் இல்லை. வயிறு பஞ்சு மாதிரி இருந்தது. கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டே கேட்டார்: "எனக்கு எத்தனை எண்ணுனிய?"

"முப்பத்தொண்ணு."

"எழுதுனது பதினஞ்சா?"

"இல்லண்ணே. முப்பத்தொண்ணுன்னே எழுதிட்டேன்." மற்ற ஊர்க் கதையையும் சொன்னேன். கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தார்.

"சீஃபு கையெழுத்துப் போட்டுட்டாரா?"

"இன்னும் இல்ல."

"இன்னிக்கி காலையிலயும் அங்க எவனோ ஒருத்தனைத் தள்ளிக்கிட்டுப் போயிருப்பான்லா? எனக்கு நீங்க எண்ணுனிய. அவனுக்கு யாரு எண்ணுவா?" என்றார்.

அப்படியே எழுந்து நேராக சீஃபின் அறைக்குப் போனேன். ரெஜிஸ்டரை எடுத்து அவருக்கு முன்னால் விரித்து வைத்தேன். கதவோரம் நஸ்ரீன் நின்றிருந்தாள். தன் வேலையை விட்டுவிடலாமா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.

"முப்பிடாதி அண்ணன் எந்திரிச்சிட்டாரு சார்," என்றேன்.

சீஃப் பேனாவைத் திறந்தார். சுவரில் மாட்டியிருந்த விருதைப் பார்த்தார். பிறகு என் எழுத்தைப் பார்த்தார். பேனா முனை காகிதத்துக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது. தியேட்டரில் எவ்வளவு வேகமான கை அது, இங்கே இறங்கவே மாட்டேன் என்றது.

"இது போட்டா ரெண்டு பேரும் போயிருவோம் சிஸ்டர். யோசிச்சியா?"

"யோசிச்சேன் சார். எண்ணட்டுமா?"

நான் எண்ண ஆரம்பித்தேன். இந்தத் தடவை அவர் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்து, நிஜ நொடிக்கு ஒன்றாக எண்ணினேன். பன்னிரண்டில் கையெழுத்துப் போட்டார்.